வீடு மாறும் செலவு

பெரம்பூரில் மாதத்தின் கடைசி வேலை நாள் எது என்று தெரிந்துகொள்ள காலண்டர் பார்க்க வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் வயதானவர்கள் கூட்டம் இருக்கும். ஏ.டி.எம். வாசலில் பேரனைத் துணைக்கு அழைத்துவந்த பாட்டிகள் நிற்பார்கள். மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டை எடுத்து கல்லா மேலேயே வைத்திருப்பார். அன்றைக்குத்தான் பென்ஷன் ஏறும்.

எங்கள் ஊரே ரயில்வே போட்ட ஊர். கேரேஜ் ஒர்க்ஸ் 1856-ல் வந்தது. லோகோ ஒர்க்ஸ் பிறகு வந்தது. 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு வந்து ஐ.சி.எஃப்.பைத் திறந்து வைத்தார். ஒரு காலத்தில் ஒர்க்ஷாப் சங்கு ஊதினால்தான் இங்கே பல வீடுகளில் உலை வைப்பார்கள். மூன்று தலைமுறை அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்குச் சாப்பிட்டு, ரிட்டயர் ஆகி, இப்போது அதன் பென்ஷனில் மாத்திரை வாங்குகிறது.

சரி, இந்தக் கதை எதற்கு? சிக்கனம் பற்றிப் பேசத்தான்.

'அரசாங்கம் செலவைக் குறைக்கப் போகிறது' என்று பேப்பரில் வந்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நம்ம வரிப் பணம்தானே! மந்திரி பின்னால் ஓடும் பத்து கார், அதிகாரியின் வெளிநாட்டு டூர், ஆள் இல்லாத அறையில் ஓடும் ஏ.சி., போன மாதம் போட்ட ரோட்டை இந்த மாதம் தோண்டும் கூத்து... இதையெல்லாம் நிறுத்தப் போகிறார்கள் என்று மனசு ஒரு படம் போட்டுக்கொள்ளும்.

நிறுத்தினால் நல்லதுதான். ஆனால் அரசாங்கத்தின் பெரிய செலவு காரிலும் ஏ.சி.யிலும் இல்லை. சம்பளம், பென்ஷன், வாங்கின கடனுக்கு வட்டி - இந்த மூன்றும்தான் பட்ஜெட்டின் வயிறு. நம் மாநிலத்தின் நிதி நிலைமை பற்றி 2021 ஆகஸ்ட்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னது. அதைப் படித்த அன்றைக்கு என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது.

வட்டியில் கை வைக்க முடியாது. வேலை செய்கிறவன் சம்பளத்தில் கை வைத்தால் மறுநாளே கொடி பிடிப்பான். மிச்சம் இருப்பது பென்ஷன். அதிலும், இனிமேல் வேலைக்குச் சேரப்போகிறவனின் பென்ஷனில் கை வைத்தால் கொடி பிடிக்க ஆளே இருக்காது. அவன்தான் இன்னும் உள்ளேயே வரவில்லையே!

அப்படித்தான் நடந்தது.

தமிழ்நாடு முந்திக்கொண்டது. 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேர்கிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் பிடித்து, அரசும் பங்கு போடும் திட்டம்தான் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில், ஏற்கெனவே சர்வீஸில் இருந்தவர்களின் சலுகைகளைக் குறைத்ததை எதிர்த்து நடந்த வேலை நிறுத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுமார் 1,70,000 பேரை ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்தார்கள். பிறகு பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்ட்டில், வேலை நிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அத்தனை சத்தத்துக்கு நடுவே, புதிதாகச் சேரப்போகிறவனின் பென்ஷன் போனது பலர் காதில் விழவே இல்லை.

டில்லி அதே வழியில் 2003 டிசம்பர் 22-ம் தேதி அறிவிக்கை போட்டது. 2004 ஜனவரி 1-லிருந்து மத்திய அரசு வேலைக்கு வருகிறவர்களுக்குப் புதிய திட்டம். ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. வாஜ்பாய் ஆட்சி கொண்டுவந்ததை, பின்னால் வந்த மன்மோகன் சிங் ஆட்சி 2013-ல் சட்டமாக்கியது. கட்சிகள் ஒற்றுமையாக இருக்கும் சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பெரம்பூரில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

அப்பா 1971-ல் ரயில்வே ஒர்க்ஷாப்பில் கலாசியாகச் சேர்ந்தார். படிப்படியாக ஏறி, 2006 மே மாதம் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அதே வருடம் செப்டம்பரில் தம்பி பரீட்சை எழுதி, ரயில்வேயில் ஃபிட்டராகச் சேர்ந்தான். அப்பாவின் டிபன் பாக்ஸ்தான் அவனுக்கும். அதே சங்கு, அதே கேட், அதே கிரீஸ் வாசனை. வித்தியாசம் ஒன்றுதான். அப்பாவுக்குப் பென்ஷன் உண்டு, தம்பிக்கு இல்லை.

அப்பா 2014-ல் போய்விட்டார். அம்மாவுக்கு இப்போது ஃபேமிலி பென்ஷன் வருகிறது. கடைசி சம்பளத்தில் 30 சதவீதம், அதன் மேல் பஞ்சப்படி. எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய்ச் சொச்சம். மெசேஜ் வந்ததும் அம்மா போனை என்னிடம் நீட்டும்.

"படிச்சுச் சொல்லுடா, உங்கப்பா எவ்ளோ போட்டிருக்காரு?"

"அப்பா எங்கம்மா போட்டாரு... கவர்மென்ட் போட்டிருக்கு."

"போடா! முப்பத்தஞ்சு வருஷம் இரும்பு தூக்கினது கவர்மென்ட்டா? அவருதான் இன்னும் சம்பளம் போட்டுக்கிட்டிருக்காரு."

பென்ஷன் என்பது பிச்சையா, சலுகையா, உரிமையா என்று கோர்ட்டுகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. உச்ச நீதிமன்றமே 1982 டிசம்பரில், பென்ஷன் என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தானம் அல்ல என்று சொல்லிவிட்டது. அம்மா அந்தத் தீர்ப்பைப் படித்ததில்லை. ஆனால் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

தம்பியின் கணக்கு வேறு மாதிரி. மாதாமாதம் அவன் சம்பளத்தில் 10 சதவீதம் பிடிப்பார்கள். அரசாங்கம் முதலில் அதற்குச் சமமாகப் போட்டது. 2019 ஏப்ரலில் இருந்து 14 சதவீதம். அந்தப் பணம் கடன் பத்திரத்திலும் ஷேர் மார்க்கெட்டிலும் வளரும். ரிட்டயர் ஆகும்போது 60 சதவீதத்தைக் கையில் கொடுப்பார்கள். மீதி 40 சதவீதத்தில் மாத வருமானம் தரும் பாலிசி ஒன்றை வாங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். பழைய முறையில் 30,000 ரூபாய் பென்ஷன், அதன் மேல் பஞ்சப்படி. விலைவாசி ஏற ஏற அதுவும் வருடத்துக்கு இரண்டு முறை ஏறும். புதிய முறையில் 60 லட்சம் சேர்ந்திருக்கிறது என்று வைப்போம். 36 லட்சம் கைக்கு வரும். மீதி 24 லட்சத்துக்கு 6 சதவீதம் என்றால் மாதம் 12,000 ரூபாய். அது ஏறாது. அரிசி விலை ஏறும், மாத்திரை விலை ஏறும், 12,000 மட்டும் அப்படியே நிற்கும். 36 லட்சம் இருக்கிறதே என்பீர்கள். நம் வீடுகளில் ரிட்டயர்மென்ட் பணம் எத்தனை நாள் பாங்கில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? பொண்ணு கல்யாணம் வாசலில் நிற்கும், பையன் ஃபிளாட்டுக்கு முன்பணம் கேட்பான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரயில்வேயில் ஆதியில் பென்ஷனே கிடையாது. பிராவிடண்ட் ஃபண்ட்தான். ஊழியர் கொஞ்சம், நிர்வாகம் கொஞ்சம் போட்டு, போகும்போது மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 1957 நவம்பரில்தான் பென்ஷன் திட்டம் வந்தது. ஏற்கெனவே இருந்தவர்கள் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 'கையில இருக்கிற காசுதான் காசு' என்று பழையதிலேயே இருந்தவர்களும் உண்டு. வாங்கிய மொத்தத் தொகை சில வருடங்களில் கரைந்துபோய், தள்ளாத வயதில் அரசிடம் மனு மேல் மனுவாகப் போட்டு, சிறு கருணைத் தொகை வாங்கினார்கள்.

அதாவது, மொத்தப் பணத்தைக் கையில் கொடுத்தால் முதுமைக்குப் போதாது என்று அனுபவத்தில் தெரிந்துதான் பென்ஷன் வந்தது. நாற்பத்தாறு வருடம் கழித்து வண்டி மறுபடி ரிவர்ஸில் போனது.

ஆனால் அரசாங்கத்தின் பக்கம் ஒரு நியாயமும் இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்ற துறைகளின் பென்ஷன் பொது கஜானாவிலிருந்து போகும். ரயில்வே தன் வருமானத்திலிருந்தே தன் பென்ஷனைக் கொடுக்க வேண்டும். 2024-25-ல் அது 60,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ல் 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய்க்கு மேல் செலவு செய்த துறை அது. மீதி இருக்கும் ஒன்றரை ரூபாயில்தான் புது தண்டவாளம், புது சிக்னல் என்று யோசிக்க வேண்டும். மக்கள் இப்போது எண்பது, தொண்ணூறு வயது வரை இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு முப்பது வருடம் பென்ஷன் என்றால், கணக்குப் பார்க்கும் எந்த நிதிச் செயலாளருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய நியாயம் ஒன்று எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது.

பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருவார். புளியந்தோப்புப் பக்கம் வீடு. ஐம்பத்திரண்டு வயது. அவருடைய மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை வருகிறது. தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்த திட்டம் அது. 2023-ல் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். இதற்கு டில்லி தரும் பங்கு எவ்வளவு தெரியுமா? எண்பது வயதுக்குக் கீழே இருந்தால் 200 ரூபாய். அதிலும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார் என்று பட்டியலில் பேர் இருக்க வேண்டும். 2007-லிருந்து அதே 200!

அடுத்த தெருவில் ஒரு பெரியம்மா. அவர் வீட்டுக்காரர் பி அண்ட் சி மில்லில் நெசவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரம்பித்து, வடசென்னைக்கே சோறு போட்ட மில் அது, 1996-ல் மூடிவிட்டார்கள். பி.எஃப். ஆபீஸ் மூலம் வரும் பென்ஷனில் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். பெரியம்மாவுக்கு வருவது அந்த ஆயிரம்தான். எங்கள் அம்மாவும் அவரும் ஒரே வருடம் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர்கள். ஒருவர் வீட்டுக்காரர் ரயில் பெட்டி செய்தார், இன்னொருவர் வீட்டுக்காரர் துணி நெய்தார். வேறு ஒரு பாவமும் செய்யவில்லை.

இவர்கள் வரி கட்டுகிறவர்களா என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம். வருமான வரி கட்டுகிறவர்தான் வரி கட்டுகிறவர் என்று நாம் பேசிப் பேசிப் பழகிவிட்டோம். அக்கா வாங்குகிற குளியல் சோப்புக்கு 2017 ஜூலையிலிருந்து 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது, பிறகுதான் 5 ஆகக் குறைத்தார்கள். கோடீஸ்வரர் அதே சோப்பு போட்டாலும் அதே வரிதான். பஸ்ஸில் போனால் டீசலில் வரி, போன் ரீசார்ஜில் வரி. ஆக, மாதம் 1,000 ரூபாய் பென்ஷன் வாங்கும் பெரியம்மா கட்டும் வரியிலிருந்தும், நல்ல பென்ஷன் வாங்குகிற ஒரு பெரிய அதிகாரிக்குப் பணம் போகிறது. 'எங்களுக்கு எதுவும் இல்லை, அவங்களுக்கு மட்டும் எதுக்கு?' என்று பெரியம்மா கேட்டால், கொடி பிடிக்கும் எந்தச் சங்கத்திடமும் சுலபமான பதில் இல்லை.

உண்மையில், 1998-ல் மத்திய அரசு எஸ்.ஏ. தவே என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டது இந்தப் பெரியம்மா மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு வயதான காலத்தில் என்ன வழி என்று பார்க்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு, அதில் சேமிப்பு என்று அந்தக் குழு 2000 ஜனவரியில் யோசனை சொன்னது. யாருக்கு எதுவும் இல்லையோ அவர்களுக்காகச் சொன்ன யோசனையை, முதலில் யாருக்குப் பென்ஷன் இருந்ததோ அவர்கள் மேல் கொண்டுபோய் வைத்தார்கள். பெரியம்மா இருந்த இடத்திலேயே இருந்தார். தம்பிதான் இறங்கி வந்தான்.

இதை மட்டும் கவனியுங்கள். இருப்பவனிடம் எடுத்தது, இல்லாதவனிடம் போய்ச் சேர்ந்திருந்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. அந்த 200 ரூபாய் 500 ஆகியிருந்தால்கூட நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

அது போகட்டும், அரசாங்கத்துக்காவது மிச்சமானதா?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. 2004-ல் சேர்ந்தவனுக்கு அன்றைக்கே யாரும் பென்ஷன் கொடுக்கப்போவதில்லை. அவன் ரிட்டயர் ஆகும்போதுதான் செலவே வரும். ஆக, பழைய பென்ஷனை நிறுத்தியதால் வரும் மிச்சம் முப்பது, முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் கண்ணில் தெரியும். அதுவரைக்கும் அரசாங்கத்துக்கு இரட்டைச் செலவு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பழைய பென்ஷன் ஒரு பக்கம், தம்பியின் கணக்கில் 14 சதவீதம் இன்னொரு பக்கம். சிக்கனத்தின் பெயரால் முதலில் செலவு ஏறியது.

இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போன தேசம் சிலி. 1981-ல் சர்வாதிகாரி பினோசே காலத்தில் பொது பென்ஷனைத் தனித்தனிக் கணக்காக மாற்றினார்கள். உலகமே பாராட்டியது. அங்கேயும் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் மட்டும் பழைய திட்டமே தொடர்ந்தது! கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்தால், பல ஏழைகளின் கணக்கில் மாதச் சாப்பாட்டுக்கும் பணம் இல்லை. 2008-ல் அரசாங்கமே மறுபடி வரிப் பணத்திலிருந்து அவர்களுக்கு அடிப்படை பென்ஷன் கொடுக்க வேண்டியிருந்தது. 2019-ல் சாண்டியாகோ தெருக்களில் லட்சக்கணக்கான பேர் திரண்டபோது, அவர்கள் கோபங்களில் பென்ஷனும் ஒன்று.

நம் ஊரிலும் அது நடந்தது. 2022 முதல் ராஜஸ்தான், சத்தீஸ்கர், இமாச்சல் என்று மாநிலங்கள் பழைய பென்ஷனுக்குத் திரும்புவதாக அறிவித்தன. 2023 மார்ச்சில் டில்லி ஒரு உத்தரவு போட்டது: 2003 டிசம்பர் 22-க்கு முன்னால் விளம்பரம் செய்த வேலையில் சேர்ந்தவர்கள், 2004-க்குப் பிறகு சேர்ந்திருந்தாலும் விரும்பினால் பழைய திட்டத்துக்குப் போகலாம். ஃபைல் மெதுவாக நகர்ந்ததால் சில வாரம் தாமதமாகச் சேர்ந்து, பென்ஷனைப் பறிகொடுத்தவர்கள் பத்தொன்பது வருடம் காத்திருந்தார்கள். பிறகு நம் தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியான டி.வி. சோமநாதன் தலைமையிலான குழு யோசனை சொல்லி, 2025 ஏப்ரல் 1-லிருந்து 'ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்' வந்தது. 25 வருடம் சர்வீஸ் முடித்தவருக்குக் கடைசி ஒரு வருட சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி. விலைவாசிக்கு ஏற்ப உயர்வும் உண்டு. ஊழியர் பங்கும் தொடரும். அரசின் பங்கு 14-லிருந்து 18.5 சதவீதம்.

கணக்குப் பாருங்கள். மிச்சம் கண்ணில் படும் காலம் இன்னும் வரவே இல்லை. அதற்குள் பாதி வழி திரும்பி வந்தாகிவிட்டது.

இடையில் எம்.பி.க்களின் பென்ஷன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2025 மார்ச்சில் அதை 25,000-லிருந்து 31,000 ரூபாய் ஆக்கி, 2023 ஏப்ரலில் இருந்தே முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். 25 வருட சர்வீஸ் எல்லாம் தேவையில்லை. ஷேர் மார்க்கெட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்ற கவலையும் இல்லை. மொத்த பட்ஜெட்டில் அது தூசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்தியில் பரிமாறுகிறவர் தன் இலையை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, 'எல்லாரும் கொஞ்சம் கம்மியாச் சாப்பிடுங்க' என்றால் சாப்பாடு இறங்குமா?

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். அரசாங்கம் வெட்டுகிற செலவு எல்லாம் செத்துப்போவதில்லை. வெளிநாட்டு டூரை ரத்து செய்தால் அந்தச் செலவு செத்துவிடும். அது உண்மையான மிச்சம். ஆனால் முதுமை என்கிற செலவை ரத்து செய்ய முடியாது. வயதானவர் சாப்பிட வேண்டும், மாத்திரை போட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போக வேண்டும். அரசாங்கம் தன் நோட்டிலிருந்து அந்த வரியை அடித்தால், அது அடுத்த வீட்டு நோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டில் அடித்தால் அதற்கடுத்த வீட்டுக்குப் போகும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன்.

2020 ஏப்ரலில், கொரோனா செலவுக்காக மத்திய அரசு ஊழியர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் மூன்று தவணை பஞ்சப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். 18 மாதம். அதனால் மிச்சமானது 34,402 கோடி ரூபாய் என்று அரசே பிறகு சொன்னது. ஊரே அடைத்துக் கிடந்த நேரம், அரசாங்கத்துக்குப் பணம் தேவைதான். அம்மாவின் பங்கை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த 18 மாதத்தில் வராமல் போனது சுமார் 14,000 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் பாதிச் சம்பளம். அம்மா ஒரு நாள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தது. பால் குறைக்க முடியாது, பேத்தி குடிக்கிறாள். மாத்திரையை ரயில்வே ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவார்கள், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. கேபிளை எடுத்துவிட்டால் வீட்டில் பொழுது போகாது.

கடைசியில் அக்காவிடம் சொன்னது.

"ரெண்டு வேளை வாணாம்மா. காலைல மட்டும் வந்தாப் போதும். நிலைமை சரியானதும் பாத்துக்கலாம்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "சரிம்மா" என்றார். சம்பளம் பாதியானது. அவரிடம் குறைக்க அவருக்குக் கீழே யாரும் இல்லை. அவர் ஒரு வேளை காபியை நிறுத்தினாரா, மாமியாருக்கு வாங்கும் தைலத்தை நிறுத்தினாரா, எனக்குத் தெரியாது. டில்லியில் போட்ட ஒரு கையெழுத்து ஒவ்வொரு படியாக இறங்கி, எங்கள் வீட்டு வழியாகப் போய், புளியந்தோப்பில் ஒரு அடுப்படியில் நின்றது. சோப்புக்கு 18 சதவீதம் வரி கட்டிக்கொண்டிருந்த அடுப்படி அது. வரி கட்டுகிறவரின் பாரத்தைக் குறைப்பது என்பதற்கு இது ஒரு வழி!

அரசாங்கம் மிச்சம் பிடிக்கவே கூடாதா என்றால், தாராளமாகப் பிடிக்கட்டும். வரிப் பணம் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவரின் வியர்வை. நான் கேட்பது இரண்டே இரண்டு கேள்வி. 'சிக்கன நடவடிக்கை' என்று எந்த அறிவிப்பு வந்தாலும் நீங்களும் கேட்டுப் பாருங்கள். ஒன்று, இதனால் எவ்வளவு, எந்த வருடத்திலிருந்து மிச்சம்? இரண்டு, இந்தச் செலவு செத்துப்போகிறதா, வேறு வீட்டுக்குப் போகிறதா? போகிறதென்றால், அந்த வீட்டில் அதைத் தூக்க ஆள் இருக்கிறதா?

முதல் கேள்விக்கு நம் நிதியமைச்சர்கள் கோடிக் கணக்கில் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்வி பட்ஜெட் உரையில் வந்து நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்டால்தான், பழைய பென்ஷனா, புதிய பென்ஷனா என்று இரண்டு அரசு ஊழியர்களுக்கு நடுவே மட்டும் நடந்துகொண்டிருக்கிற சண்டை, பெரியம்மாவின் ஆயிரம் ரூபாய் வரைக்கும் வரும்.

தம்பி 2040-ல் ரிட்டயர் ஆவான். பழையதிலேயே இருப்பதா, ஒருங்கிணைந்ததற்குப் போவதா என்று பேப்பரும் பேனாவுமாகக் கணக்குப் போட்டு, இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்தான். அவனுக்குத் தேர்ந்தெடுக்கவாவது இரண்டு இருக்கிறது. அக்காவுக்கு அதற்கு முன்பே அறுபது தாண்டிவிடும். முட்டி இப்போதே வலிக்கிறது, உட்கார்ந்து தேய்க்க முடியாமல் ஸ்டூல் கேட்கிறார். மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிடலாமா என்று விசாரித்தேன். நாற்பது வயதுக்குள் இருந்தால்தான் சேர முடியுமாம்.

அவர் முதுமைக்கும் ஒரு செலவு இருக்கிறது. அது யார் நோட்டில் எழுதப்படும் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.